ஹைட்ரஜன் வரைபடத்துக்கு முன் கற்றையை அளப்பது: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு ரேடியோ தொலைநோக்கி வானத்தின் எந்தத் திசையிலிருந்து வரும் அலையை எவ்வளவு வலுவாகப் பெறுகிறது என்பதைக் காட்டும் கோலத்தைத்தான் கற்றை என்கிறோம். நடுவே வலுவான முதன்மை மடல் ஒன்றும், அதைச் சுற்றி வலுக் குறைந்த பக்கமடல்கள் பலவும் அதில் இருக்கும். வழக்கமான வானியல் வேலைகளுக்கு முதன்மை மடலின் அகலம் ஓரளவு தெரிந்தால் போதும். பிரபஞ்ச ஹைட்ரஜனை வரைபடமாக்கும் வேலைக்கு அது போதாது. ஏன் போதாது என்பதைப் புரிந்துகொள்ளாமல் அளவீட்டில் இறங்கினால், எந்த இடத்தில் கவனம் வேண்டும், எந்த இடத்தில் வேண்டாம் என்பது கடைசி வரை பிடிபடாது. ஆகையால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நடுநிலை ஹைட்ரஜன் அணு வெளியிடும் அலையின் அதிர்வெண் 1420.4 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 21 சென்டிமீட்டர். பிரபஞ்சம் விரிவதால், தொலைவிலிருந்து வரும் அலை நீண்டு, குறைந்த அதிர்வெண்ணில் நம்மை வந்தடைகிறது. எனவே ஒவ்வோர் அதிர்வெண்ணும் ஒரு தொலைவைக் குறிக்கிறது. அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே போனால் மூன்றாவது பரிமாணம் தானாகக் கிடைத்துவிடுகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், பென்டிக்டன் ஊருக்கு அருகே உள்ள டொமினியன் ரேடியோ வானியற்பியல் ஆய்வகத்தில், 2017இல் தொடங்கிவைக்கப்பட்ட சைம் தொலைநோக்கி 400 முதல் 800 மெகாஹெர்ட்ஸ் வரை பார்க்கிறது. அலை எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைச் சொல்லும் செம்பெயர்ச்சிக் கணக்கில் அது ஏறத்தாழ 0.8 முதல் 2.5 வரை. இந்தக் கட்டுரை முழுவதும் சைமையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். காரணம், அதற்கு அசையும் பாகம் எதுவும் இல்லை. வானம்தான் அதன் மேலாக நகர்ந்து போகிறது. கற்றையை அளப்பதில் வரக்கூடிய சிக்கல்கள் பெரும்பாலும் அங்கே வந்துவிடுகின்றன.

சிக்கலின் வேர் இதுதான். நாம் தேடும் ஹைட்ரஜன் ஒளிர்வு ஒரு கெல்வினில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். அதற்கு முன்னால் நம் பால்வீதியும் மற்ற ரேடியோ விண்மீன் திரள்களும் சில கெல்வின் முதல் பல பத்து கெல்வின் வரை ஒளிர்கின்றன. அந்த முன்னணி ஒளிர்வுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: அதிர்வெண்ணோடு அது வழவழப்பாக, மேடு பள்ளம் இல்லாமல் மாறுகிறது. ஹைட்ரஜனோ அண்டைத் தொலைவுகளுக்கிடையே ஏறி இறங்குகிறது. வழவழப்பானதை நீக்கிவிட்டால் ஏறி இறங்குவது மிஞ்சும் என்பதே எல்லா முறைகளுக்கும் அடிப்படை. ஆனால் கற்றையின் வடிவமும் அதிர்வெண்ணோடு மாறுகிறது. பக்கமடலின் ஓரத்தில் நிற்கும் ஒரு வலுவான மூலம் (ரேடியோ அலை வீசும் வான்பொருள்), ஓர் அதிர்வெண்ணில் சற்றுக் கூடுதலாகவும் அடுத்ததில் சற்றுக் குறைவாகவும் பதிவாகும். அந்த ஏற்ற இறக்கம் அசலான ஹைட்ரஜனைப் போலவே தோற்றம் தரும். 2015இல் வெளியான ஒரு கணிப்பின்படி, இவ்வகைத் தொலைநோக்கியில் ஒவ்வோர் ஆண்டெனாவின் கற்றை அகலமும் 0.1 சதவீதத் துல்லியத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த எண்ணை மேசைக்கு முன்னால் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

முதல் படி: காகிதத்தில் கற்றையை வரைதல்

தரவைத் திறப்பதற்கு முன், என்ன வரவேண்டும் என்று கையால் கணக்கிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். சைமில் நான்கு பரவளைய உருளைகள் உள்ளன. நெடுக்காகப் பிளந்து மல்லாத்தி வைத்த குழாயைப் போன்ற அவை ஒவ்வொன்றும் கிழக்கு மேற்காக 20 மீட்டர் அகலமும் வடக்கு தெற்காக 100 மீட்டர் நீளமும் கொண்டவை. உருளைக்கு 256 வீதம், இரு முனைவாக்கங்களையும் (அலை அதிரும், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளையும்) பெறும் 1024 ஆண்டெனாக்கள் குவியக்கோட்டில் வரிசையாகத் தொங்குகின்றன. உருளை கிழக்கு மேற்காக மட்டுமே குவிக்கும் என்பதால், ஓர் ஆண்டெனாவின் கற்றை அத்திசையில் ஒடுங்கியும், வடக்கு தெற்காகத் தொடுவானம் முதல் தொடுவானம் வரை ஏறத்தாழ முழுமையாகவும் பரந்திருக்கும்.

கிழக்கு மேற்கு அகலத்தை, அலைநீளத்தை உருளையின் அகலத்தால் வகுத்து 1.2ஆல் பெருக்கி மதிப்பிடலாம். 400 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 75 சென்டிமீட்டர், கிடைப்பது 2.6 டிகிரி. 800 மெகாஹெர்ட்ஸில் அதில் பாதி, 1.3 டிகிரி. இதே கணக்கை 1970 முதல் இயங்கிவரும் ஊட்டித் தொலைநோக்கிக்கும் போட்டுப் பார்க்கலாம். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அந்த உருளை 326.5 மெகாஹெர்ட்ஸில் பார்ப்பதால், 2.1 டிகிரி கிடைக்கும். அந்த அதிர்வெண்ணில் ஹைட்ரஜனின் செம்பெயர்ச்சி 3.35. ஆனால் ஊட்டி உருளை கிழக்கு மேற்காகத் திரும்பி மூலத்தைப் பின்தொடரக்கூடியது. சைமால் அது முடியாது.

அடுத்து, ஒரு மூலம் கற்றையைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம். வானம் மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. வான நடுக்கோட்டிலிருந்து விலகிய மூலத்துக்கு அந்த விலக்கத்தின் கோசைனால் பெருக்க வேண்டும். சிக்னஸ் ஏ வடக்கே 40.7 டிகிரியில் இருப்பதால் மணிக்கு 11.4 டிகிரி நகரும். ஆக, 400 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 14 நிமிடம், 800இல் 7 நிமிடம். உங்கள் தரவில் இந்த நேரங்கள் வரவில்லையென்றால், கற்றையைச் சந்தேகிக்கும் முன் உங்கள் நேரக் கணக்கைச் சந்தேகியுங்கள்.

இரண்டாம் படி: எதிரொலிப்பின் அலைவை எதிர்பார்த்தல்

மேலே போட்ட கணக்கு, கற்றை அதிர்வெண்ணோடு சீராக ஒடுங்கும் என்கிறது. உண்மையில் அப்படி நடப்பதில்லை. சைம் உருளையின் குவியத் தொலைவு 5 மீட்டர். உருளையின் அடியிலிருந்து மேலே வரும் அலையில் ஒரு சிறு பங்கு குவியக்கோட்டில் பட்டுத் திரும்பிக் கீழே போய், மறுபடி மேலே வருகிறது. இந்தக் கூடுதல் பயணம் 10 மீட்டர். ஒளியின் வேகத்தை 10 மீட்டரால் வகுத்தால் 30 மெகாஹெர்ட்ஸ் வரும். எனவே கற்றையின் அகலமும் உச்சியும் ஒவ்வொரு 30 மெகாஹெர்ட்ஸுக்கும் ஒருமுறை ஏறி இறங்கும். இந்த அலைவு சைமின் அளவீடுகளில் தெளிவாகவே தெரிகிறது.

இதற்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்குக் காரணம் உண்டு. ஹைட்ரஜன் தேடலுக்கு அதிக இடையூறு செய்வது இதுதான். அதோடு, உங்கள் அளவீடு சரியா என்று சொல்லும் மிக நேர்மையான சாட்சியும் இதுதான். எந்த முறையில் அளந்தாலும் இந்த அலைவு அதே இடத்தில் தென்பட வேண்டும். ஆகையால் அதிர்வெண்களைக் கூட்டிச் சராசரி எடுக்கும்போது சில மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகாதீர்கள். சைமின் 1024 அலைவரிசைகளில் ஒவ்வொன்றும் 0.39 மெகாஹெர்ட்ஸ் அகலமே என்பதால் அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

மூன்றாம் படி: மூலங்களைத் தேர்தல்

முதலில் எடுக்க வேண்டியவை காசியோப்பியா ஏ, சிக்னஸ் ஏ, டாரஸ் ஏ என்னும் நண்டு நெபுலா, வர்கோ ஏ ஆகிய நான்கு. அவற்றுக்குப் பிறகு 3சி 48, 3சி 147, 3சி 295 போன்ற வலுக் குறைந்த மூலங்கள். ஒவ்வொரு மூலமும் வானத்தில் ஒரே வட்டத்தில் சுற்றுவதால், கற்றையின் ஒரே ஒரு குறுக்குவெட்டை மட்டுமே அது காட்டும். வடக்கு தெற்காக முழுக் கற்றையும் வேண்டுமென்றால், பல விலக்கங்களில் பல மூலங்கள் தேவை.

இங்கே புதியவர்கள் தவறவிடும் ஒன்று உண்டு. கிழக்கு மேற்கு வடிவத்தை அளக்க மூலத்தின் ஒளிர்வு தெரிய வேண்டியதில்லை. உச்சியின் மதிப்பால் வகுத்துவிட்டால் போதும். ஆனால் ஒரு விலக்கத்தில் கற்றை மற்றொன்றைவிட எவ்வளவு வலுவானது என்று கேட்டால், மூலங்களின் ஒளிர்வில் உள்ள பிழை அப்படியே கற்றைக்குள் வந்துவிடும். காசியோப்பியா ஏ ஆண்டுதோறும் மங்கிக்கொண்டே வருகிறது என்பதால், பழைய அட்டவணையின் மதிப்பை அதற்குப் பயன்படுத்தவே கூடாது. இதே காசியோப்பியா ஏ ஒரு நல்ல வழியையும் காட்டுகிறது. பென்டிக்டன் வடக்கே 49.3 டிகிரி அட்சத்தில் இருப்பதால், 58.8 டிகிரியில் உள்ள அந்த மூலம் அங்கே மறைவதே இல்லை; நாளொன்றுக்கு இருமுறை உச்சிவட்டத்தை (தலைக்கு மேலாக வடக்கு தெற்காகச் செல்லும் கோட்டை) கடக்கிறது. ஒருமுறை தலைக்கு மேலிருந்து வடக்கே 9.5 டிகிரியில், மறுமுறை வடக்குத் தொடுவானத்துக்கு 18 டிகிரி மேலே. ஒரே மூலம், ஒரே நாள் என்பதால், அந்த இரண்டு அளவீடுகளின் விகிதம் மூலத்தின் ஒளிர்வைச் சிறிதும் சாராமல், கற்றையின் இரு இடங்களை நேரடியாக ஒப்பிட்டுவிடுகிறது.

கண்காணிப்புக்கு நாள் குறிக்கும்போது, ஒவ்வொரு மூலமும் நாளுக்கு நான்கு நிமிடம் முந்திக்கொண்டே வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இன்று நள்ளிரவில் கடக்கும் மூலம் ஆறு மாதத்தில் நண்பகலில் கடக்கும். பகல் தரவில் சூரியன் ஏதாவது ஒரு பக்கமடல் வழியாக உள்ளே வரும். முடிந்தவரை இரவுத் தரவை மட்டும் எடுப்பதே நல்லது.

நான்காம் படி: மூலம் கடந்து செல்வதைப் பதிதல்

எளிய முறை, மூலம் கடந்து போகும்போது இரண்டு ஆண்டெனாக்களின் சிக்னல்களைப் பெருக்கி, அந்தப் பெருக்கத்தை நேரத்தோடு வரைவது. இரண்டையும் வெவ்வேறு உருளைகளிலிருந்து எடுங்கள். ஒரே உருளையில் அருகருகே உள்ளவற்றை எடுத்தால், பால்வீதியின் பரந்த ஒளிர்வு அடியில் மேடாகத் தங்கிவிடும். சிக்னஸ் ஏ பால்வீதித் தளத்துக்கு மிக அருகில் இருப்பதால் அங்கே இந்தத் தொல்லை அதிகம்.

இதில் கிடைப்பது இரண்டு கற்றைகளின் பெருக்கம். மின்னழுத்த அளவில் கற்றை நூற்றில் ஒரு பங்காக இறங்கும் இடத்தில், பெருக்கம் பத்தாயிரத்தில் ஒரு பங்காக இறங்கிவிடும். முதன்மை மடலுக்கு இது நல்ல முறை. பக்கமடல்களை இதை வைத்து அளக்க முடியாது.

ஐந்தாம் படி: ஹாலோகிராஃபி

பக்கமடல்களுக்கு வழி, அதே வளாகத்தில் உள்ள 26 மீட்டர் விட்டம் கொண்ட ஜான் ஏ. கால்ட் தட்டுத் தொலைநோக்கி. அது மூலத்தை விடாமல் பின்தொடர்ந்துகொண்டே இருக்க, சைமின் மேல் மூலம் தன்போக்கில் நகர்ந்து போகும். தட்டின் சிக்னலைக் கேபிள் வழியாகச் சிக்னல்களைப் பெருக்கும் கருவியான சைமின் கோரிலேட்டருக்குக் கொண்டுவந்து, ஒவ்வோர் ஆண்டெனாவோடும் பெருக்குகிறார்கள். தட்டின் பக்கம் எப்போதும் முழு வலுவில் இருப்பதால், பெருக்கத்தில் மாறுவது சைமின் ஒற்றைக் கற்றை மட்டுமே. முன்பு பத்தாயிரத்தில் ஒரு பங்காக இருந்தது இப்போது நூற்றில் ஒரு பங்காகத் தெரியும். வீச்சோடு கட்டமும், அதாவது அலை தன் சுற்றில் எந்த நிலையில் இருக்கிறது என்பதும், கிடைக்கிறது. தட்டைத் துணையாக வைத்து வீச்சையும் கட்டத்தையும் சேர்த்து அளக்கும் இந்த முறைதான் ஹாலோகிராஃபி. தவிர, தட்டு ஒரு சிறு பகுதியை மட்டுமே பார்ப்பதாலும், இரண்டுக்கும் இடையே தொலைவு இருப்பதாலும், பரந்த ஒளிர்வு தானாகவே அழிந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்தவரை, நிலையாக நிற்கும் தொலைநோக்கிக்கு இதைவிட நல்ல அளவீட்டு முறை இல்லை. கால்ட் தட்டின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்திருப்பது இன்னொரு வசதி: மூலத்தைப் பின்தொடரும்போது வானத்தை ஒட்டி அதன் முனைவாக்கத் திசை சுழல்வதில்லை.

கிடைத்த தரவில் முதலில் செய்யவேண்டியது, பூமியின் சுழற்சியால் ஓடும் கட்டத்தை நிறுத்துவது. இரண்டு தொலைநோக்கிகளும் கிழக்கு மேற்காக 200 மீட்டர் இடைவெளியில் இருப்பதாகக் கொண்டால், 600 மெகாஹெர்ட்ஸில் சிக்னஸ் ஏயின் கட்டம் ஏறத்தாழ 45 நொடிக்கு ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். மூலத்தின் திசையிலிருந்து கணக்கிட்ட கட்டத்தை அதிலிருந்து கழித்தால், முதன்மை மடல் முழுவதும் கட்டக்கோடு கிடையாக நிற்கவேண்டும். முதன்முதலாக இதைச் செய்தபோது என் திரையில் கோடு கிடையாக நிற்கவில்லை. மாறாக, 22 நொடிக்கு ஒருமுறை ரம்பப் பற்கள்போல மேலும் கீழும் வெட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கேபிளையும் கடிகாரத்தையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நொடிகளை எண்ணிப் பார்த்தபோதுதான், அது சரியாகப் பாதி என்பது உறைத்தது. கழிக்கவேண்டிய கட்டத்தைக் கூட்டியிருக்கிறேன். அதனால் அது இருமடங்கு வேகத்தில் ஓடியிருக்கிறது. ஆகவே கோடு கிடையாக வராவிட்டால், அதன் சுற்று நேரத்தை அளந்து பாருங்கள். எதிர்பார்த்த நேரத்தில் பாதி என்றால், குறி தவறு. மெதுவான சாய்வு என்றால், ஆண்டெனாக்களின் இடங்களிலோ நேரத்திலோ சிறு பிழை. அதிர்வெண்ணோடு சேர்ந்து சாய்ந்தால், கேபிளின் தாமதம் இன்னும் நீக்கப்படவில்லை.

அந்தத் தாமதத்துக்கு மற்றொரு விளைவும் உண்டு. அது கண்ணுக்கு எளிதில் படாது. சைமின் கோரிலேட்டர் சிக்னலை 2.56 மைக்ரோநொடித் துண்டுகளாக வெட்டி அதிர்வெண்களாகப் பிரிக்கிறது. நூற்றுக்கணக்கான மீட்டர் கேபிளில் வரும் தட்டின் சிக்னல் ஒரு மைக்ரோநொடி அளவுக்குப் பிந்திவந்தால், ஒரே நேரத்தில் வெட்டிய இரண்டு துண்டுகளும் ஒரே அலையைக் கொண்டிருக்காது. பொருந்தாத பகுதி பெருக்கத்தில் இழப்பாகிவிடும். இழப்பு நிலையாக இருந்தால் வகுத்து நீக்கிவிடலாம். ஆனால் மூலம் நகர நகர, இரண்டு தொலைநோக்கிகளுக்கும் அலை வந்துசேரும் நேர வேறுபாடு மாறுகிறது. அதோடு இழப்பும் மாறுகிறது. 200 மீட்டர் இடைவெளிக்கு, மடலின் நடுவிலிருந்து 1.3 டிகிரி நகர்ந்தால் மாற்றம் 0.015 மைக்ரோநொடி, துண்டின் நீளத்தில் அது 0.6 சதவீதம். நாம் மேசைக்கு முன் ஒட்டிவைத்த எண் 0.1 சதவீதம். 30 டிகிரிக்கு அப்பால் இந்த மாற்றம் பத்து சதவீதத்தையும் தாண்டும். கற்றை கிழக்கே சற்று வலுவாகவும் மேற்கே சற்று வலுக் குறைந்தும் தெரிந்தால், உருளை சாய்ந்திருக்கிறது என்று முடிவுகட்டும் முன் இந்த இழப்பைக் கணக்கிட்டுத் திருத்துங்கள்.

திருத்தியபின், உச்சிவட்டத்தில் உள்ள மதிப்பால் வகுத்து, ஒரே மூலத்தின் பல இரவுகளை விண்மீன் நேரத்தின்படி (விண்மீன்களை ஒட்டிய பூமியின் சுழற்சியைக் கொண்டு கணக்கிடும் நேரம்) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். அடுக்கும்போது சராசரியைவிட, வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை மதிப்பே பாதுகாப்பானது. தொலைக்காட்சி, கைப்பேசிக் கோபுரம், செயற்கைக்கோள் ஆகியவற்றின் அலைகள் இந்த அலைப்பட்டைக்குள் வருகின்றன. விமானம் பறக்கும்போது தொலைவிலுள்ள ஒலிபரப்புகூட அதில் பட்டு எதிரொலித்து வரும். கெட்டுப்போன ஓர் இரவு சராசரியை இழுத்துவிடும். இடைநிலையை அவ்வளவு எளிதில் இழுக்காது. இரண்டு முனைவாக்கங்களையும் தனித்தனியாகவே வைத்திருங்கள். அவற்றின் கற்றைகள் ஒன்றல்ல. ஒன்றிலிருந்து மற்றதற்குக் கசியும் பகுதியையும் சேர்த்து நான்கு பெருக்கங்களும் வேண்டும்.

ஆறாம் படி: எஞ்சிய வானம்

நான்கைந்து மூலங்களுக்கு இடையே உள்ள இடைவெளியை நிரப்பச் சூரியன் பயன்படும். தெற்கே 23.4 டிகிரியிலிருந்து வடக்கே 23.4 டிகிரி வரை ஆறு மாதத்தில் அது நகர்வதால், அந்தப் பகுதியை நாள்தோறும் ஒரு கீற்றாக வரைந்துகொண்டே வரும். அதன் ஒளிர்வு நாளுக்கு நாள் மாறுவதும், அரை டிகிரி அகலம் இருப்பதால், தொலைவாக உள்ள ஆண்டெனாக்களின் பெருக்கத்தில் அதன் சிக்னல் கரைந்துபோவதும் குறைகள். அவற்றைத் திருத்தித்தான் பயன்படுத்தவேண்டும். சீராகத் துடித்து ரேடியோ அலை வீசும் விண்மீன்களான பல்சார்களும் உண்டு. பி0329+54 என்ற பல்சார் 0.71 நொடிக்கு ஒருமுறை துடிக்கிறது. துடிப்பு இருக்கும் கணத்திலிருந்து இல்லாத கணத்தைக் கழித்தால், துடிக்காத வானம் முழுவதும் நீங்கிவிடும்.

ட்ரோனைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். அலைபரப்பி ஒன்றை ட்ரோனில் கட்டிப் பறக்கவிடுவது நல்ல முறைதான்; ஆனால் தொலைப்புலத்தின் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பறக்கவிடுங்கள். அகலத்தின் வர்க்கத்தை இருமடங்காக்கி அலைநீளத்தால் வகுத்தால் கிடைக்கும் தூரத்துக்கு அப்பால்தான் கற்றை தன் உண்மை வடிவத்தைக் காட்டும். தென்னாப்பிரிக்காவின் கரூவில் உள்ள ஹீரா தொலைநோக்கியின் 14 மீட்டர் தட்டுக்கு, 150 மெகாஹெர்ட்ஸில் இது 196 மீட்டர், முயற்சி செய்யலாம். சைமின் 20 மீட்டர் உருளை அகலத்துக்கு, 800 மெகாஹெர்ட்ஸில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல். அந்த உயரத்துக்குச் சாதாரண ட்ரோனை அனுப்ப முடியாது. ஆகையால் சிறிய தட்டுகளுக்கு ட்ரோன், பெரிய உருளைக்கு வானம் என்பதே என் கருத்து.

ஏழாம் படி: ஒப்பிட்டுப் பார்த்துக் கையளித்தல்

ஒற்றைப்படை இரவுகளை ஓர் அடுக்காகவும் இரட்டைப்படை இரவுகளை மற்றோர் அடுக்காகவும் பிரித்து, இரண்டின் வேறுபாட்டை வரையுங்கள். இரைச்சலுக்கு மேல் ஏதாவது மிஞ்சினால் அங்கேயே நின்று காரணம் தேடுங்கள். மழை நனைத்த இரவு, வெப்பநிலை சட்டென்று இறங்கிய இரவு என்று குறிப்பேட்டில் பெரும்பாலும் விடை இருக்கும். பிறகு, ஹாலோகிராஃபியில் கிடைத்த இரண்டு ஆண்டெனாக்களின் கற்றைகளைப் பெருக்கி, நான்காம் படியில் நேரடியாகப் பதிந்த பெருக்கத்தோடு ஒப்பிடுங்கள். ஒன்றில் தட்டும் கேபிளும் உண்டு, மற்றதில் இல்லை. எனவே இரண்டும் ஒத்துப்போனால், தட்டு உள்ள பக்கத்துப் பிழைகள் திருந்திவிட்டன என்று நம்பலாம்.

கோப்பைக் கையளிக்கும்போது கற்றையோடு பிழை அளவுகளையும், நீக்கிய அதிர்வெண்களின் பட்டியலையும் சேர்த்தே கொடுக்கவேண்டும். நீக்கிய இடங்களை அண்டை மதிப்புகளைக் கொண்டு நிரப்பி அழகாக்காதீர்கள். நிரப்பிய கோடு 30 மெகாஹெர்ட்ஸ் அலைவை அந்த இடத்தில் தட்டையாக்கிவிடும், அதை அளவீடு என்று நம்புபவர் அங்கே ஹைட்ரஜனைக் கண்டதாக நினைத்துவிடுவார். கடைசியாக, கற்றையின் அகலத்தை அதிர்வெண்ணோடு வரைந்து, சிக்னஸ் ஏயில் கிடைத்த கோட்டின்மேல் காசியோப்பியா ஏயில் கிடைத்ததையும் டாரஸ் ஏயில் கிடைத்ததையும் வையுங்கள். விலக்கத்துக்கேற்ப அலைவின் உயரம் சற்று வேறுபடலாம். ஆனால் முகட்டுக்கு முகடு 30 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி மூன்றிலும் நிலைக்கவேண்டும். அது நிலைத்தபின் கோப்பை வரைபடம் போடுபவரிடம் கொடுக்கலாம்.